ரோகிணி என்னும் சிவப்பு ராட்சதன்: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவில் வாசலிலும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோரிடமும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். நேரமெல்லாம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கணக்கு. கேப் டவுனில் இருப்பவர்கள் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஜாதகப் பலன் மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம், அதற்கு ஐயர் இருக்கிறார்.

ரோகிணி என்பது அர்ச்சனைக்குச் சொல்கிற பெயர்தானே? நிஜமாகவே வானத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது. வெறும் கண்ணுக்கே நன்றாகத் தெரியும். உலகம் முழுக்க அதை அல்டிபாரன் என்கிறார்கள். ரிஷப ராசியில் உள்ள நட்சத்திரங்களிலேயே பிரகாசமானது அதுதான். இரவு வானத்தின் மொத்த வரிசையில் பார்த்தால் பதினான்காவது இடம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் தெருவிளக்குகளுக்கு நடுவில் நின்றாலும் தெரியும். நகரத்தை விட்டு வடக்கே கரும்புக்காட்டுப் பக்கம் போய்விட்டால் கேட்கவே வேண்டாம்.

எந்த மாதம், எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?

நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம். டிசம்பர் முதல் வாரத்தில் இருட்டும்போது கிழக்கே ஏறும், நள்ளிரவில் வடக்கே உச்சத்தில் நிற்கும். கடற்கரையில் நின்றால், நேர் கிழக்குக்குச் சற்று இடப்பக்கம் கடலிலிருந்து எழுவதைப் பார்க்கலாம். ஜனவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்கே உச்சத்துக்கு வந்துவிடும். தைப்பூசக் காவடி முடிந்து களைத்து வீடு திரும்பும் மாலைகளில், வடக்குப் பார்த்து நிமிர்ந்தால் போதும். ஏப்ரல் நடுவில் எட்டரை மணிக்குள் மேற்கே மறைந்துவிடும்.

மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் தேடாதீர்கள். அப்போது சூரியனே அந்தப் பக்கம்தான் நிற்கிறது. சென்னையில் அக்னி நட்சத்திரம் முடிகிற சமயம் அது, இங்கே நாம் ஸ்வெட்டரைத் தேடும் சமயம். ஜூன் கடைசியில் விடியற்காலைக் கிழக்கு வானத்தில் திரும்பவும் தென்படும்.

ஒரு சங்கடம் உண்டு. ரோகிணி மாலையில் நன்றாகத் தெரிகிற அதே மாதங்கள்தான் டர்பனுக்கு மழைக்காலம். இடிமழை கொட்டி ஓய்ந்த பிறகு வானம் கழுவிவிட்டதுபோல் ஆகும் பாருங்கள், அந்த இரவை விட்டுவிடாதீர்கள். லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டுக்கு நன்றி சொல்வதற்கு ஏதாவது ஒன்று உண்டு என்றால், அப்போது தெரிந்த வானம் ஒன்றுதான்.

எல்லாமே ஒரே மாதிரி தெரிகிறதே, எதுவென்று எப்படி அடையாளம் பிடிப்பது?

வடக்குப் பார்த்து நில்லுங்கள். ஒரே கோட்டில், சம இடைவெளியில், பக்கம் பக்கமாக மூன்று நட்சத்திரம் தெரியும். வேட்டைக்காரன் கூட்டத்தின் இடுப்புப் பட்டை அது. சின்னக் குழந்தைகூட அதைக் கண்டுபிடித்துவிடும். அந்தக் கோட்டை வலப்பக்கம் மேல்நோக்கி நீட்டினால் வானத்திலேயே மிகப் பிரகாசமான சிரியஸ். இடப்பக்கம் கீழ்நோக்கி நீட்டினால் முதலில் எதிர்ப்படும் ஆரஞ்சுப் புள்ளிதான் ரோகிணி. இன்னும் கொஞ்சம் அதே திசையில் போனால் பொடிப்பொடியாக ஒரு கொத்து, அது கார்த்திகை.

ரோகிணிதானா என்று சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் பாருங்கள். மங்கலான நட்சத்திரங்கள் சேர்ந்து ‘வி’ எழுத்துப்போல் ஒரு வடிவம் இருக்கும். அதன் ஒரு முனையில் இது உட்கார்ந்திருக்கும்.

ஊரில் தாத்தா தலைக்கு மேலே காட்டுவாராம். இங்கே ஏன் வடக்கே போய் நிற்கிறது?

நட்சத்திரம் எங்கும் போகவில்லை, நாம்தான் இறங்கி வந்துவிட்டோம். ரோகிணி வான நடுக்கோட்டுக்கு, அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோட்டுக்கு, வடக்கே பதினாறரை டிகிரியில் இருக்கிறது. சென்னை பூமியின் நடுக்கோட்டுக்கு வடக்கே பதின்மூன்று டிகிரியில் இருப்பதால், அங்கே அது உச்சந்தலைக்கு நாலு டிகிரிக்கும் குறைவான தூரத்தில் கடக்கும். டர்பன் தெற்கே முப்பது டிகிரி. அதனால் இங்கே வடக்கே சாய்ந்து, தொடுவானத்திலிருந்து 44 டிகிரி உயரத்தோடு நின்றுவிடும். ஜோகன்னஸ்பர்க்கில் 47, கேப் டவுனில் 40.

ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர்களை முதன்முதலில் ஏற்றிக்கொண்டு 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் வந்து சேர்ந்தது. தளத்தில் படுத்து அண்ணாந்து பார்த்தவர்களுக்கு, தலைக்கு மேலே இருந்த ரோகிணி ஒவ்வொரு வாரமும் வடக்கே சரிந்துகொண்டே போயிருக்கும். எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று அவர்களுக்குச் சொன்னது அந்தச் சரிவாகத்தான் இருக்கும்.

இதில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது. விருச்சிகத்தில் உள்ள கேட்டை நட்சத்திரம் ரோகிணிக்கு நேர் எதிரே, வானத்தின் மறுபக்கத்தில் இருக்கிறது. அதுவும் சிவப்பு. டர்பன் உச்சந்தலையிலிருந்து கேட்டை எவ்வளவு தள்ளிக் கடக்கிறதோ, கிட்டத்தட்ட அதே அளவுதான் சென்னை உச்சந்தலையிலிருந்து ரோகிணி தள்ளிக் கடக்கிறது. அங்கே ரோகிணியை இழந்தவர்களுக்கு இங்கே கேட்டை கிடைத்தது.

அங்கிள், சிவப்பு ராட்சதன் என்று சொன்னீர்கள். எனக்கு ஆரஞ்சாகத்தானே தெரிகிறது?

உன் கண் சரியாகத்தான் பார்க்கிறது. ‘சிவப்பு’ என்பது விஞ்ஞானிகள் வகைக்கு வைத்த பெயர். டிராஃபிக் லைட் மாதிரி சிவந்த நட்சத்திரம் எதுவும் வானத்தில் கிடையாது. பக்கத்தில் சிரியஸையோ ரைஜலையோ பார்த்துவிட்டு உடனே ரோகிணியைப் பார், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அந்த இரண்டும் நீலம் கலந்த வெள்ளை, இது ஆரஞ்சு.

நிறத்துக்குக் காரணம் சூடு. பிராய் அடுப்பில் கரி தணியத் தணியச் சிவக்கும் அல்லவா, அதேதான். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ், ரோகிணியின் மேற்பரப்பு சுமார் 3,600.

ராட்சதன் என்றால் எவ்வளவு பெரிது?

குறுக்களவில் சூரியனைப்போல் சுமார் 44 மடங்கு. சூரியன் இருக்கும் இடத்தில் ரோகிணியைக் கொண்டுபோய் வைத்தால், அதன் விளிம்பு மையத்திலிருந்து மூன்று கோடி கிலோமீட்டர் வரை வரும். புதன் கிரகம் சூரியனிலிருந்து 5.8 கோடி கிலோமீட்டரில் சுற்றுகிறது, அதற்குப் பாதி வழிக்கும் மேலே வந்துவிடும்.

ஆனால் எடை என்று பார்த்தால் நம் சூரியனைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அவ்வளவு பெரிய உடம்பில் இவ்வளவு சரக்கு என்றால், மேல் அடுக்குகள் எவ்வளவு மெல்லிசாக இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சூடு குறைவு என்றால் வெளிச்சமும் குறைவாகத்தானே இருக்கணும்?

ஒரு சதுர மீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டால் நீங்கள் சொல்வது சரி. ரோகிணியின் ஒரு சதுர மீட்டர், சூரியனின் ஒரு சதுர மீட்டர் தருவதில் ஐந்தில் ஒரு பங்குதான் தரும். ஆனால் சதுர மீட்டர்கள் எத்தனை? குறுக்களவு 44 மடங்கு என்றால் மேற்பரப்பு 44 பெருக்கல் 44, அதாவது 1,900 மடங்குக்கும் மேல். அதில் ஐந்தில் ஒரு பங்கு போட்டுப் பாருங்கள், சூரியனைப்போல் ஏறக்குறைய 400 மடங்கு ஆற்றல் வருகிறது. அதில் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகப் போய்விடுகிறது.

அது ஏன் அப்படி வீங்கியது? நம் சூரியனுக்கும் அந்தக் கதிதானா?

ஆமாம், அதே கதிதான். ஆனால் இன்னும் சுமார் 500 கோடி ஆண்டு இருக்கிறது, இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கலாம்.

நட்சத்திரம் எரிகிறது என்று சொல்வது பேச்சுக்குத்தான். உண்மையில் நடுவில் ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து ஹீலியமாக மாறுகின்றன. அதில் வரும் ஆற்றல்தான் வெளிச்சம். அந்த ஆற்றலின் அழுத்தம் வெளியே தள்ள, நட்சத்திரத்தின் சொந்த எடை உள்ளே அமுக்க, இரண்டும் சமமாக இருக்கும்வரை நட்சத்திரம் பல நூறு கோடி ஆண்டு ஒரே அளவில் இருக்கும். ரோகிணியின் மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்துவிட்டது. தள்ளுவதற்கு ஆள் இல்லாததால் மையம் சுருங்கியது. சுருங்கினால் சூடாகும். அந்தச் சூட்டில், மையத்தைச் சுற்றி ஓடு மாதிரி இருந்த ஹைட்ரஜன் அடுக்கு முன்னைவிட மும்முரமாக இணையத் தொடங்கியது.

இந்தக் கூடுதல் ஆற்றல்தான் வெளி அடுக்குகளை ஊதவைக்கிறது. ஊத ஊத மேற்பரப்பு விரிந்து குளிர்ந்து சிவக்கிறது. உள்ளே சுருங்கிச் சூடாவதும் வெளியே விரிந்து குளிர்வதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. பலருக்கும் குழப்பம் இந்த இடத்தில்தான் வருகிறது.

அப்போ அது வெடிக்குமா? திருவாதிரை வெடிக்கப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே.

ரோகிணி வெடிக்காது. அப்படி வெடிக்க, பிறக்கும்போதே சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் எடை இருக்க வேண்டும். மேலே சொன்னபடி இதற்கு அந்த எடை இல்லை. காலப்போக்கில் வெளி அடுக்குகளை உதறிவிட்டு, பூமி அளவிலான ஒரு வெண்குள்ளனாக, அதாவது எரிந்து முடிந்த சூடான மையமாக, ஒடுங்கிவிடும்.

திருவாதிரை வேறு சாதி. அது மீராட்சத நட்சத்திரம், அதாவது ராட்சதனைவிடவும் மிகப் பெரியது, எடையும் அதிகம். கேட்டையும் அப்படித்தான். 2019 கடைசியில் திருவாதிரை திடீரென்று மங்கியதும் உலகமே பரபரத்தது. பிறகு ஆராய்ந்ததில், அது தானே கக்கிய தூசி மேகம் மறைத்தது என்று தெரிந்தது. ஒருநாள் வெடிக்கத்தான் போகிறது, ஆனால் அந்த ‘ஒருநாள்’ ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகாகவும் இருக்கலாம். நம்மிடமிருந்து 500 ஒளியாண்டுக்கும் மேல் (ஒளியாண்டு என்பது ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம்) தள்ளி இருப்பதால், வெடித்தாலும் நமக்கு வேடிக்கைதான், ஆபத்தில்லை.

நாம் பார்ப்பது பழைய வெளிச்சம் என்கிறார்களே, நட்சத்திரம் இப்போது இருக்கிறதோ இல்லையோ?

ரோகிணி இருக்கிறது, கவலை வேண்டாம். அதன் தூரம் சுமார் 65 ஒளியாண்டு. இப்போது கண்ணில் விழும் வெளிச்சம் 1960 வாக்கில் புறப்பட்டது. இந்தியர்கள் டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்து நூறு ஆண்டு நிறைந்த சமயம் அது. அதற்கு அடுத்த ஆண்டு, 1961இல்தான், நம்மை இந்நாட்டின் நிரந்தர மக்கள் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டது. நட்சத்திரத்தின் ஆயுள் நூறு கோடிக் கணக்கில் ஓடுகிறது. அதற்கு 65 ஆண்டு ஒரு கண்சிமிட்டல்கூட இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று: சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் பிராக்சிமா சென்டாரி, நாலேகால் ஒளியாண்டு. 1915இல் ராபர்ட் இன்ஸ் அதைக் கண்டுபிடித்தது ஜோகன்னஸ்பர்க்கில் இருந்த வானாய்வகத்திலிருந்து.

என் பெண் ரோகிணியில் பிறந்தவள். அப்படியென்றால் அவள் பிறந்தபோது அந்த நட்சத்திரம் உதித்துக்கொண்டிருந்ததா?

இல்லை. நிலா அந்த நட்சத்திரம் இருக்கும் பகுதியில் இருந்தது என்று அர்த்தம். நிலா வானத்தை ஒரு சுற்றுச் சுற்ற 27 நாளும் சில மணி நேரமும் ஆகும். அந்தப் பாதையை 27 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் அங்கே உள்ள ஒரு நட்சத்திரத்தின் பெயரை வைத்தார்கள். நாளுக்கு ஒரு வீடு என்ற கணக்கு.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். கார்த்திகை தீபத்தன்று நிலா அந்தப் பொடிக்கொத்துப் பக்கம் இருக்கும். மறுநாள் இரவு வெளியே வந்து பாருங்கள், ரோகிணிப் பக்கம் நகர்ந்திருக்கும். பஞ்சாங்கம் என்பது அந்த நகர்வைக் காகிதத்தில் எழுதிவைத்ததுதான்.

ஊரிலிருந்து வரும் காலண்டரில் ‘ரோகிணி மாலை 6.30 வரை’ என்று இருக்கிறது. இங்கேயும் ஆறரை வரைதானா?

இல்லை, மாலை மூன்று மணி வரை. நிலா ஒரு பங்கைத் தாண்டும் கணம் உலகம் முழுக்க ஒரே கணம்தான், கடிகாரம்தான் வேறு. இந்திய நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். திதிக்கும் இதே கணக்கு.

ராகு காலத்துக்கு இப்படிக் கழிக்கக் கூடாது. அது சூரிய உதயத்தைப் பிடித்துச் செல்வது, டர்பன் உதயத்தை வைத்துத் தனியாகப் போட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு முகூர்த்த நேரத்தில் வாக்குவாதம் செய்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அந்த ‘வி’ கூட்டம் முழுக்க ரோகிணிதானே?

பழைய தமிழில் அப்படித்தான். அந்த வடிவத்தை வண்டியாகப் பார்த்துச் சகடு என்றார்கள். நிலா சகடைச் சேரும் நாள் திருமணத்துக்கு உகந்தது, சிலப்பதிகாரத்தில் கண்ணகி கல்யாணம் அந்த நாளில்தான் நடக்கிறது.

ஆனால் உண்மையில் ரோகிணிக்கும் அந்தக் கூட்டத்துக்கும் சொந்தம் எதுவும் இல்லை. கூட்டம் 150 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது, ரோகிணி அதில் பாதித் தூரம்கூட இல்லை. நாம் பார்க்கும் திசையில் குறுக்கே வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

இந்த நாட்டு மக்கள் இதைப் பற்றி ஏதாவது கதை சொல்வார்களா?

நாமா மக்களிடம் அருமையான கதை ஒன்று இருக்கிறது. கார்த்திகைக் கொத்து வானக் கடவுளின் மகள்கள், ரோகிணி அவர்களுடைய கணவன். “அந்த மூன்று வரிக்குதிரைகளை அடித்துக்கொண்டு வா, வெறுங்கையோடு வீட்டுக்கு வராதே” என்று அவனை அனுப்பிவிடுகிறார்கள். வரிக்குதிரைகள் என்பது மேலே சொன்ன இடுப்புப் பட்டை. ஒரே ஓர் அம்பைக் கொண்டுபோனான், அதுவும் குறி தவறி அப்பால் விழுந்தது. போய் எடுக்கலாம் என்றால் அங்கே சிங்கம் உட்கார்ந்திருக்கிறது, அது திருவாதிரை. வீட்டுக்கும் போக முடியாமல் அம்பையும் எடுக்க முடியாமல் குளிரில் உட்கார்ந்திருக்கிறான்.

நம் கதையில் ரோகிணி பெண். தட்சனின் 27 மகள்களைக் கட்டிய சந்திரன் அவளிடம் மட்டுமே தங்கிவிட, மாமனார் தேயும்படி சபித்தார். அங்கே மனைவிமார் வெளியே தள்ளிய கணவன், இங்கே கணவன் விட்டு அகலாத மனைவி. இரண்டு கதையிலும் குடும்பச் சண்டைதான்.

ஜூலு, கோசா மக்களுக்கு முக்கியம் ரோகிணியைவிடக் கார்த்திகைதான். அதை இசிலிமேலா என்பார்கள். ஜூனில் விடியற்காலையில் அது திரும்பத் தெரிந்தால் நிலத்தைக் கிளற ஆயத்தமாவார்கள்.

போன தடவை பார்த்தபோது சிவப்பாக இரண்டு இருந்ததே?

ஒன்று செவ்வாயாக இருந்திருக்கும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அது ரிஷபத்தைக் கடக்கும். மினுக்காமல் நிதானமாக ஒளிர்ந்தால், சில வாரத்தில் இடம் மாறினால், அது செவ்வாய்.

டெலஸ்கோப்பில் பார்த்தால் நிலா மாதிரி வட்டமாகத் தெரியுமா?

தெரியாது. அத்தனை பெரிய உருவமும் நிலாவின் அகலத்தில் 90,000இல் ஒரு பங்காகத்தான் இங்கிருந்து தோன்றும். வீட்டு டெலஸ்கோப்பில் இன்னும் பிரகாசமான புள்ளி, அவ்வளவே. அதன் அளவை அறிய ஒரு வழி, நிலா அதை மறைக்கும் கணத்தில் வெளிச்சம் எப்படி மங்குகிறது என்று அளப்பது. சட்டென்று அணையாது, நொடியில் மிகச் சிறு பங்கு நேரம் எடுக்கும்.

காசு செலவழிப்பதென்றால் முதலில் நல்ல பைனாகுலர் வாங்குங்கள். ரோகிணியும் அந்த வண்டிக் கூட்டமும் சேர்ந்து ஒரே பார்வையில் வரும். கார்த்திகையில் வெறும் கண்ணுக்கு ஆறு தெரிந்த இடத்தில் பல மடங்கு தெரியும்.

ரோகிணியைச் சுற்றிக் கிரகம் இருக்கிறதா? அங்கே யாராவது போகிறார்களா?

வியாழனைப்போல் சுமார் ஆறு மடங்கு எடையுள்ள கிரகம் 629 நாளுக்கு ஒருமுறை சுற்றுவதாக 2015இல் அறிவித்தார்கள். 2019இல் வேறு குழு கூடுதல் அளவீடுகளோடு பார்த்துவிட்டு, நட்சத்திரத்தின் சொந்தத் துடிப்பே அப்படிக் காட்டியிருக்கலாம் என்றது. அதனால் ‘உண்டு’ என்று அடித்துச் சொல்கிற வீடியோவை நம்பாதீர்கள்.

ஆள் யாரும் போகவில்லை, ஒரு விண்கலம் அந்தத் திசையில் போகிறது. 1972இல் ஏவிய பயோனியர் 10. அதன் கடைசி சிக்னல் 2003 ஜனவரியில் வந்தது. ரோகிணியின் தூரத்தைக் கடக்க சுமார் 20 லட்சம் ஆண்டு ஆகும்.

கதையில் சந்திரன் ரோகிணியை விட்டுப் பிரியமாட்டான் என்றீர்கள். ரோகிணி நாளில் பார்த்தேன், நிலா எங்கோ தள்ளி நின்றதே?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். பங்கு என்பது கிழக்கு மேற்காகப் பிரித்தது. நிலா அந்தப் பங்குக்குள் வந்தாலே ரோகிணி நாள்தான், வடக்கு தெற்காக எவ்வளவு விலகி நின்றாலும் சரி. நிலாவின் பாதை சூரியனின் பாதைக்கு ஐந்து டிகிரி சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வும் ஒரே இடத்தில் நிற்காமல் 18.6 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது.

2015 முதல் 2018 வரை நிலா மாதாமாதம் ரோகிணியை மறைத்தே சென்றது, உலகின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து அது தெரிந்தது. 2023 முதல் 2029 வரை அந்தச் சலுகை கார்த்திகைக்கு. 2025 வாக்கில் ரோகிணியிடமிருந்து பத்து டிகிரி, கையை நீட்டி மடக்கிய முஷ்டி அளவுக்கு, வடக்கே ஒதுங்கிப் போகிறது. டர்பனில் வடக்கு என்றால் கீழே, ஆகவே உச்சத்தில் நிற்கும் ரோகிணிக்குக் கீழே நிலாவைத் தேடுங்கள். அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு மெல்ல மேலேறி வந்து, 2033இல் மறுபடியும் ரோகிணியை மறைக்கத் தொடங்கும்.